உயிரியல் மாணவருக்கான அடிப்படை வேதியியல்: எலக்ட்ரானைப் பின்தொடரும் முழுமையான வழிகாட்டி

உயிரியல் பாடநூலின் தொடக்கத்திலேயே அணு, பிணைப்பு, நீர், பிஎச் ஆகியவற்றைப் பற்றிய ஓர் அத்தியாயம் வந்துவிடுகிறது. பெரும்பாலான மாணவர்கள் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, செல்லைப் பற்றிய பாடம் தொடங்கியதும் மறந்துவிடுகிறார்கள். அதன் விலை சில மாதங்கள் கழித்துத்தான் தெரியும். செல்சவ்வு ஆக்ஸிஜனை உள்ளே விட்டுச் சோடியம் அயனியைத் தடுப்பது ஏன், புரதம் ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிவது ஏன், மூச்சை அடக்கினால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவது ஏன் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிச் செய்தியாக நெட்டுருப் போட வேண்டிய நிலை வந்துவிடுகிறது.

தொடக்கநிலை உயிரியலுக்குத் தேவைப்படும் வேதியியல் அளவில் சிறியது. ஆனால் வரிசையாகக் கற்க வேண்டியது. அந்த வரிசை முழுவதையும் ஒரே கேள்வி இணைக்கிறது: இந்த மூலக்கூறில் எலக்ட்ரான்கள் எந்த அணுவின் பக்கம் சாய்ந்திருக்கின்றன? கீழே உள்ள படிகள் இந்தக் கேள்வியை ஒவ்வொரு நிலையிலும் மீண்டும் கேட்கும் முறையில் அமைந்துள்ளன. ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். படம் வரையாமல் வேதியியலைப் படிப்பதில் பயன் மிகக் குறைவு.

படி 1: எந்தத் தனிமங்களை அறிந்தால் போதும்

தனிம வரிசை அட்டவணையில் 118 தனிமங்கள் உள்ளன. உயிரியல் மாணவர் அவற்றில் நான்கை நன்றாக அறிந்துகொண்டு, இன்னும் ஏழெட்டை அடையாளம் தெரிந்துவைத்தால் போதும். மனித உடலின் எடையில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஆக்ஸிஜன், 18.5 விழுக்காடு கார்பன், 9.5 விழுக்காடு ஹைட்ரஜன், 3.3 விழுக்காடு நைட்ரஜன். இந்நான்கும் சேர்ந்து 96 விழுக்காட்டைத் தொட்டுவிடுகின்றன. மீதியில் கால்சியம், பாஸ்பரஸ், பொட்டாசியம், கந்தகம், சோடியம், குளோரின், மெக்னீசியம் ஆகியவை பெரும்பங்கு வகிக்கின்றன. இரும்பு, அயோடின், துத்தநாகம் போன்றவை மிகச் சிறிய அளவிலேயே தேவைப்பட்டாலும் அவை இல்லாமல் உடல் இயங்காது. அயோடின் குறைந்தால் தைராய்டு சுரப்பி வீங்குவது இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று.

எந்தத் தனிமம் எந்த வகை மூலக்கூறில் இருக்கிறது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏவில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லை. புரதங்களில் கந்தகம் உண்டு, ஆனால் அவற்றைக் கட்டும் அமினோ அமிலங்கள் எதிலும் பாஸ்பரஸ் இல்லை. இந்த எளிய வேறுபாட்டை வைத்துத்தான் 1952இல் ஹெர்ஷி, சேஸ் என்ற இரு அறிவியலாளர்கள் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் டிஎன்ஏவைக் கதிரியக்கப் பாஸ்பரஸாலும் புரதத்தைக் கதிரியக்கக் கந்தகத்தாலும் குறியிட்டு, பாக்டீரியாவுக்குள் நுழைவது பெரும்பாலும் டிஎன்ஏதான் என்று காட்டினார்கள். மரபுப்பொருள் டிஎன்ஏ என்பதற்கான புகழ்பெற்ற சான்றுகளில் ஒன்று, தனிமங்களின் பட்டியலைச் சரியாக வாசித்ததிலிருந்து பிறந்தது.

படி 2: அணுவின் வெளிக்கூட்டைப் பாருங்கள்

அணுவின் கருவில் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்களும் மின்சுமையற்ற நியூட்ரான்களும் உள்ளன. கருவைச் சுற்றி எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள் உள்ளன. புரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண். ஓர் அணு எந்தத் தனிமத்தைச் சேர்ந்தது என்பதை அதுவே முடிவு செய்கிறது. நியூட்ரான்களின் எண்ணிக்கை மாறினால் அதே தனிமத்தின் வேறொரு ஐசோடோப்பு கிடைக்கும். கார்பன்-12இல் ஆறு நியூட்ரான்கள், கார்பன்-14இல் எட்டு. பின்னது கதிரியக்கம் உடையது. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 5,730 ஆண்டுகள். ஐசோடோப்புகளின் வேதிநடத்தை ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், உடலுக்குள் ஒரு மூலக்கூறு போகும் வழியை அறிய அவற்றை அடையாளக் குறியாகப் பயன்படுத்த முடிகிறது.

உயிரியலுக்கு முக்கியமானது எலக்ட்ரான்கள் அடுக்கப்பட்டுள்ள முறை. முதல் கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள்தான் இருக்க முடியும். நாம் பயன்படுத்தும் சிறிய அணுக்களில் வெளிக்கூடு எட்டு எலக்ட்ரான்களுடன் நிறைவடையும். வெளிக்கூட்டில் எத்தனை இடம் காலியாக இருக்கிறதோ, அத்தனை பிணைப்புகளை அந்த அணு உருவாக்க முனையும் என்று தொடக்கநிலையில் வைத்துக்கொள்ளலாம். ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்ஸிஜனுக்கு இரண்டு, நைட்ரஜனுக்கு மூன்று, கார்பனுக்கு நான்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற இந்த வரிசையை மட்டும் மறக்காதீர்கள். பின்னால் வரும் எந்த மூலக்கூறின் படத்தையும் இதை வைத்தே சரிபார்க்கலாம்: மின்சுமை குறிக்கப்படாத ஒரு படத்தில் கார்பன் ஐந்து பிணைப்புகளுடன் நின்றால் படம் தவறு.

பாஸ்பரஸ் இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. பாஸ்பேட் தொகுதியில் அதைச் சுற்றி ஐந்து பிணைப்புக் கோடுகள் வரையப்பட்டிருக்கும். அதை விதிவிலக்காக ஏற்றுக்கொண்டு மேலே செல்லுங்கள்.

படி 3: எலக்ட்ரான் கவர்திறனும் பிணைப்புகளும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இந்தப் படிக்கே அதைச் செலவிடுங்கள். இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிரும்போது, அவற்றில் எது அதிக வலிமையுடன் தன் பக்கம் இழுக்கிறது என்பதைக் குறிக்கும் அளவே எலக்ட்ரான் கவர்திறன். வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1932இல் இதற்கு ஓர் அளவுகோலை முன்வைத்தார். இன்று பயன்படும் மதிப்புகளில் நமக்கு வேண்டியவை இவை: ஆக்ஸிஜன் 3.44, குளோரின் 3.16, நைட்ரஜன் 3.04, கந்தகம் 2.58, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, சோடியம் 0.93. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆக்ஸிஜனும் நைட்ரஜனும் வலுவாக இழுப்பவை, கார்பனும் ஹைட்ரஜனும் கிட்டத்தட்டச் சமமானவை என்ற படிநிலை மனத்தில் நின்றால் போதும்.

இப்போது பிணைப்புகளை வகைப்படுத்துவது எளிது. இரு அணுக்களின் கவர்திறன் வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே 0.35 மட்டுமே, எலக்ட்ரான்கள் ஏறக்குறையச் சமமாகப் பகிரப்படுவதால் இது முனைவற்ற சகப்பிணைப்பு. ஆக்ஸிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே 1.24, எலக்ட்ரான்கள் ஆக்ஸிஜன் பக்கம் சாய்வதால் ஆக்ஸிஜன் சிறிதளவு எதிர்மின்தன்மையையும் ஹைட்ரஜன் சிறிதளவு நேர்மின்தன்மையையும் பெறுகின்றன. இது முனைவுற்ற சகப்பிணைப்பு. சோடியத்துக்கும் குளோரினுக்கும் இடையே 2.23, இங்கே பகிர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை, சோடியத்தின் வெளிக்கூட்டு எலக்ட்ரான் குளோரினிடம் போய்ச் சேர்ந்து, மின்சுமை கொண்ட இரண்டு அணுக்கள், அதாவது அயனிகள், உருவாகின்றன. வேறுபாடு ஏறத்தாழ 0.5க்குக் கீழே இருந்தால் முனைவற்றது, 2ஐ நெருங்கினாலோ தாண்டினாலோ அயனிப் பிணைப்பு, இடையில் இருப்பவை முனைவுற்றவை என்று கொள்ளலாம். இந்த எல்லைகள் வசதிக்காக வகுக்கப்பட்டவை. இயற்கையில் ஒரு வகை இன்னொன்றாகப் படிப்படியாகவே மாறுகிறது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. இரத்தத்தில் சோடியம் இருக்கிறது என்று சொல்லும்போது நாம் குறிப்பிடுவது சோடியம் அயனியை. 11 புரோட்டான்களும் 10 எலக்ட்ரான்களும் கொண்ட அந்த அயனி, வெளிக்கூடு நிறைந்த நிலையில் இருப்பதால் நீரில் அமைதியாக இருக்கிறது. நீர் பட்டால் சீறி எரியும் சோடியம் உலோகத்தில் ஓர் எலக்ட்ரான் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரே ஓர் எலக்ட்ரான் ஒரு பொருளின் குணத்தை இவ்வளவு மாற்றும் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த வழிகாட்டி ஏன் எலக்ட்ரானை விடாமல் பின்தொடர்கிறது என்பது புரியும்.

முனைவுற்ற மூலக்கூறுகளுக்கு இடையே இன்னொரு வகை ஈர்ப்பும் எழுகிறது. ஆக்ஸிஜனுடனோ நைட்ரஜனுடனோ பிணைந்து நேர்மின்தன்மை பெற்ற ஹைட்ரஜனை, அருகிலுள்ள இன்னோர் ஆக்ஸிஜன் அல்லது நைட்ரஜன் அணு ஈர்க்கிறது. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. ஆக்ஸிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான சகப்பிணைப்பை உடைக்க மோலுக்குச் (துகள்களை எண்ணும் அலகு; படி 5இல் விளக்கம்) சுமார் 463 கிலோஜூல் வேண்டும். நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புக்கு ஏறத்தாழ 20 கிலோஜூல் போதும். இந்த மென்மையே உயிருக்குத் தேவையானது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் இணைக்கின்றன: அடினின், தைமின் இணைக்கு இரண்டு, குவானின், சைட்டோசின் இணைக்கு மூன்று. தனித்தனியாக வலுக்குறைந்த அவை லட்சக்கணக்கில் சேரும்போது இழைகள் உறுதியாக நிற்கின்றன. படியெடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் இழைகளின் சகப்பிணைப்பு முதுகெலும்பைக் குலைக்காமல் அவற்றைப் பிரிக்கவும் முடிகிறது.

படி 4: நீர்

நீர் மூலக்கூறை வரையுங்கள். நடுவில் ஆக்ஸிஜன், இருபுறமும் ஹைட்ரஜன், இடையே 104.5 டிகிரி கோணம். இந்த வளைவு இல்லாமல் மூன்று அணுக்களும் நேர்கோட்டில் இருந்திருந்தால், இரு பிணைப்புகளின் முனைவும் ஒன்றையொன்று நீக்கியிருக்கும். கார்பன் டை ஆக்சைடில் அதுதான் நடக்கிறது: பிணைப்புகள் முனைவுற்றவை, ஆனால் மூலக்கூறு முனைவற்றது. ஆகவே ஒரு மூலக்கூறு முனைவுற்றதா என்று கேட்கும்போது பிணைப்பையும் வடிவத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றலை உணர, நீரை ஹைட்ரஜன் சல்பைடுடன் ஒப்பிடுங்கள். கந்தகம் தனிம அட்டவணையில் ஆக்ஸிஜனுக்கு நேர் கீழே இருப்பது. மூலக்கூறின் வடிவமும் வளைந்ததே. ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு நிறை 34, நீருக்கு 18. கனமானதுதான் அதிக வெப்பநிலையில் கொதிக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு சுழிக்குக் கீழே 60 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கந்தகத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள கவர்திறன் வேறுபாடு 0.38 மட்டும் என்பதே இதற்கு முதன்மையான காரணம். ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் வரை கொள்ள முடியும். அவை நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலான நேரத்தில் அறுந்து மீண்டும் உருவாகிக்கொண்டே இருக்கின்றன.

பாடநூல்கள் தனித்தனிப் பண்புகளாகப் பட்டியலிடும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பவை. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். வெப்பத்தின் ஒரு பகுதி ஹைட்ரஜன் பிணைப்புகளைக் குலைப்பதிலேயே செலவாகிறது. அதனால் உடலின் வெப்பநிலை எளிதில் ஏறி இறங்குவதில்லை. வியர்வை ஆவியாகும்போது, எஞ்சியுள்ள பிணைப்புகளை அறுத்துக்கொண்டு வெளியேற வேண்டியிருப்பதால் தோலிலிருந்து மிகுந்த வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு பிணைப்புகளுடன் விலகி நிற்பதால் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. எனவே அது மிதக்கிறது, ஏரியின் அடிப்பகுதி உறையாமல் இருக்கிறது.

கரைதல் பற்றிய விதியும் இங்கேயே பிறக்கிறது. அயனிகளும் முனைவுற்ற மூலக்கூறுகளும் நீரில் கரையும், ஏனெனில் நீர் தன் எதிர்முனையையும் நேர்முனையையும் அவற்றுக்கு ஏற்றபடி திருப்பிச் சூழ்ந்துகொள்ள முடிகிறது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே நிறைந்த கொழுப்புச் சங்கிலிகளில் நீருக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. அவை நீரிலிருந்து ஒதுக்கப்பட்டு ஒன்றுகூடுகின்றன. ஆக்ஸிஜன் வாயு முனைவற்றது என்பதால் 25 டிகிரியில் காற்றோடு தொடர்புள்ள ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம்தான் கரைகிறது. நம் உடலுக்கு அது போதாது என்பதால்தான் ஆக்ஸிஜனைச் சுமக்க ஹீமோகுளோபின் தேவைப்படுகிறது. அதே முனைவின்மை காரணமாகவே ஆக்ஸிஜன் செல்சவ்வின் கொழுப்பு அடுக்கைத் தடையின்றிக் கடக்கிறது. நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த சோடியம் அயனிக்கோ தனி வாயிற்புரதம் வேண்டியிருக்கிறது.

படி 5: மோலும் செறிவும்

மோல் என்பது எண்ணிக்கை அலகு: 6.022 × 10²³ துகள்கள். ஒரு பொருளின் மூலக்கூறு நிறையைக் கிராமில் எடுத்தால் அதில் அத்தனை மூலக்கூறுகள் இருக்கும். குளுக்கோஸுக்கு 180 கிராம், உப்புக்கு 58.44 கிராம். ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைந்துள்ளது என்பதே மோலார் செறிவு.

இதை ஏன் உயிரியல் மாணவர் கற்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு போதும். மருத்துவத்தில் நரம்பு வழியாக ஏற்றப்படும் உப்புக் கரைசலின் செறிவு 0.9 விழுக்காடு; குளுக்கோஸ் கரைசலின் செறிவு 5 விழுக்காடு. எடையில் ஐந்து மடங்குக்கு மேல் வேறுபடும் இவை இரண்டும் இரத்தத்துக்கு ஏறத்தாழச் சமமான கரைசல்களாக எப்படி இருக்க முடியும்? உப்பில் லிட்டருக்கு 9 கிராம், 58.44ஆல் வகுத்தால் 0.154 மோல். ஆனால் நீரில் உப்பு சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிவதால் துகள்கள் 0.308 மோல். குளுக்கோஸில் லிட்டருக்கு 50 கிராம்; 180ஆல் வகுத்தால் 0.278 மோல், அது பிரிவதில்லை. இரத்தப் பிளாஸ்மாவில் கரைந்துள்ள துகள்களின் அளவு லிட்டருக்குச் சுமார் 0.29 மோல். சவ்வின் வழியே நீர் நகரும் சவ்வூடு பரவல் எடையைப் பார்ப்பதில்லை, துகள்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறது. வெறும் தூய நீரில் இட்ட இரத்தச் சிவப்பணு வெடித்துவிடுவதும் இதனால்தான்.

படி 6: அமிலம், காரம், பிஎச், தாங்கல் கரைசல்

ஆக்ஸிஜன் எலக்ட்ரானை இழுத்துக்கொண்டதால் ஏற்கெனவே வறுமைப்பட்டு நிற்கும் ஹைட்ரஜன், சில சமயம் எலக்ட்ரானை முழுவதும் கைவிட்டு வெறும் புரோட்டானாக, அதாவது ஹைட்ரஜன் அயனியாக, பிரிந்துவிடுகிறது. அதைத் தருவது அமிலம், ஏற்பது காரம். தூய நீரிலும் இது மிகச் சிறிய அளவில் நடப்பதால் 25 டிகிரியில் லிட்டருக்கு 10⁻⁷ மோல் ஹைட்ரஜன் அயனிகள் இருக்கின்றன. இத்தகைய எண்களை எழுதுவது சிரமம் என்பதால் டென்மார்க்கைச் சேர்ந்த சோரென்சென் 1909இல் பிஎச் அளவுகோலை அறிமுகம் செய்தார்: ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றினால் பிஎச். எனவே தூய நீரின் பிஎச் 7.

மாணவர்கள் தடுமாறும் இடம் மடக்கைதான். பிஎச் ஒரு அலகு குறைந்தால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடுகிறது, 0.3 அலகு குறைந்தால் இரு மடங்காகிறது. இரத்தத்தின் இயல்பான பிஎச் 7.35 முதல் 7.45 வரை. 7.4 என்பது லிட்டருக்குச் சுமார் 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி, 7.1 என்பது சுமார் 80 நானோமோல். தாளில் சிறியதாகத் தோன்றும் இந்த 0.3 மாற்றம் மருத்துவமனையில் கடுமையான நிலையாகக் கருதப்படுவதற்குக் காரணம் இதுதான். புரதத்தின் மேலுள்ள தொகுதிகள் புரோட்டான்களை ஏற்றோ இழந்தோ மின்சுமை மாறும்போது, அந்தச் சுமைகளை நம்பியிருந்த மடிப்பும் வேலையும் மாறுகின்றன.

பிஎச்சை எளிதில் மாறவிடாத தாங்கல் கரைசல் என்பது புரோட்டானைத் தரக்கூடிய ஒரு பொருளும் ஏற்கக்கூடிய அதன் இணையும் சேர்ந்து இருப்பது. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு நீருடன் சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அது ஹைட்ரஜன் அயனியாகவும் பைகார்பனேட்டாகவும் பிரிகிறது. இந்த வினை இருதிசையிலும் நடக்கக்கூடியது. ஹைட்ரஜன் அயனி அதிகமானால் பைகார்பனேட் அதைப் பிடித்துக்கொள்ள, வினை கார்பன் டை ஆக்சைடின் பக்கம் நகர்கிறது. உருவான வாயுவை நுரையீரல் வெளியேற்றுகிறது. இயல்பான இரத்தத்தில் பைகார்பனேட், கரைந்த கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 20 மடங்கு அதிகம். இப்போது நீங்களே சொல்லிப் பாருங்கள்: மூச்சை அடக்கினால் கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது, வினை மறுபக்கம் நகர்கிறது, பிஎச் குறைகிறது. பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் இதற்கு எதிரானது நடக்கிறது. இந்த அம்புக்குறியின் இரு பக்கங்களையும் வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த மாணவருக்கு உடலியங்கியலில் வரும் சுவாசப் பாடம் பாதி முடிந்துவிட்டது என்றே சொல்வேன்.

படி 7: கார்பனும் வினைச்செயல் தொகுதிகளும்

நான்கு பிணைப்புகள் கொள்ளும் கார்பன் நீண்ட சங்கிலிகளாகவும் கிளைகளாகவும் வளையங்களாகவும் அமைய முடியும். ஆனால் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்ட எலும்புக்கூடு வேதியியலில் சோம்பலானது; அதில் எலக்ட்ரான்கள் எங்கும் சாய்வதில்லை. அதனோடு ஒட்டியிருக்கும் ஆக்ஸிஜன், நைட்ரஜன், கந்தகம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் தொகுதிகளில்தான் நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

ஹைட்ராக்சில் தொகுதி (–OH) முனைவுற்றது. சர்க்கரைகள் நீரில் எளிதில் கரைவது இதன் செயல். கார்பாக்சில் தொகுதி (–COOH) செல்லின் பிஎச்சில் புரோட்டானை இழந்து எதிர்மின்சுமையுடன் இருக்கும். அமினோ தொகுதி (–NH₂) புரோட்டானை ஏற்று நேர்மின்சுமையுடன் இருக்கும். இரண்டையும் ஒரே கார்பனில் தாங்கும் அமினோ அமிலம், ஆகவே, செல்லுக்குள் இரு சுமைகளையும் ஒருங்கே கொண்டிருக்கும். பாஸ்பேட் தொகுதி எதிர்மின்சுமை மிகுந்தது. டிஎன்ஏ முழுவதும் எதிர்மின்சுமை கொண்டிருப்பதும், ஆய்வகத்தில் ஜெல்லின் வழியே அது நேர்முனையை நோக்கி நகர்வதும் இதனால். இரண்டு சல்ஃப்ஹைட்ரில் தொகுதிகள் (–SH) இணைந்தால் புரதத்தை இறுக்கும் டைசல்ஃபைடு பாலம் உருவாகிறது. மெத்தில் தொகுதி (–CH₃) முனைவற்றது. புதிய மூலக்கூறு எதைப் பார்த்தாலும் இந்தத் தொகுதிகளைப் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் முனைவு உண்டா, மின்சுமை உண்டா என்று எழுதுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வடிவத்தையும் மறக்கக் கூடாது. குளுக்கோஸுக்கும் காலக்டோஸுக்கும் ஒரே வாய்பாடுதான். நான்காம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் நோக்கும் திசை மட்டுமே வேறு. நொதிகளுக்கு அந்த வேறுபாடு போதும்.

படி 8: நான்கு பெருமூலக்கூறுகள்

இவற்றுக்கென்று தனி அத்தியாயம் பின்னால் வரும் என்பதால் இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். கார்போஹைட்ரேட், புரதம், நியூக்ளிக் அமிலம் ஆகிய மூன்றும் சிறிய அலகுகள் கோத்த சங்கிலிகள். அலகுகள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. நீரைச் சேர்த்து மீண்டும் பிரிப்பது நீராற்பகுப்பு. செரிமானம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வினைதான். ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆனவையே. முன்னதில் ஆல்ஃபா இணைப்பு, பின்னதில் பீட்டா இணைப்பு. மனிதக் குடலின் நொதிகள் முதலாவதை வெட்டும், இரண்டாவதை வெட்டாது.

கொழுப்புகள் இப்படிச் சங்கிலியாகக் கோக்கப்படுவதில்லை. நீரில் கரையாமை என்ற ஒற்றைப் பண்பால் ஒரு குழுவாக வைக்கப்பட்டவை. பாஸ்போலிப்பிட் மூலக்கூறின் தலையில் மின்சுமை கொண்ட பாஸ்பேட், வாலில் முனைவற்ற இரண்டு சங்கிலிகள். நீரில் இட்டால் வால்கள் உள்ளே ஒதுங்கித் தலைகள் வெளியே நிற்கும் இரட்டை அடுக்கு தானாகவே உருவாகிறது. செல்சவ்வின் அடிப்படை இதுவே.

படி 9: வினையும் ஆற்றலும்

பாடநூல்களில் அடிக்கடி காணப்படும் தவறான சொற்றொடர் ஒன்று உண்டு: செல்லின் ஆற்றல் நாணயம் எனப்படும் ஏடிபி மூலக்கூறின் பாஸ்பேட் பிணைப்பை உடைத்தால் அதில் சேமித்த ஆற்றல் வெளிப்படுகிறது என்பது. எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவாகும்; பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும். ஏடிபி நீருடன் வினைபுரியும்போது உடையும் பிணைப்புகளைவிட, விளைபொருள்கள் நிலைபெறும்போது கிடைப்பது அதிகம். அருகருகே நெருக்கப்பட்டு ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருந்த எதிர்மின்சுமைகள் விலகிச் செல்கின்றன, நீர் மூலக்கூறுகள் அவற்றை நன்றாகச் சூழ்கின்றன. திட்ட நிலையில் இந்த வினை மோலுக்குச் சுமார் 30.5 கிலோஜூல் பயன்படத்தக்க ஆற்றலைத் தருகிறது. செல்லுக்குள் உள்ள செறிவுகளில் அது ஏறத்தாழ 50 வரை போகும்.

உணவிலிருந்து ஆற்றல் கிடைப்பதையும் எலக்ட்ரானின் பாதையாகவே பாருங்கள். குளுக்கோஸில் கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட நடுவில் இருக்கின்றன. இறுதி விளைபொருள்களான கார்பன் டை ஆக்சைடிலும் நீரிலும் அவை ஆக்ஸிஜனை ஒட்டிச் சாய்ந்திருக்கின்றன. மலைமேலிருந்து அருவி இறங்குவதைப் போல, வலுக்குறைந்த பிடியிலிருந்து வலுவான பிடிக்கு எலக்ட்ரான் இறங்கும் அந்தத் தொலைவுதான் ஆற்றல்: ஒரு மோல் குளுக்கோஸுக்குச் சுமார் 2,870 கிலோஜூல். எலக்ட்ரானை இழப்பது ஆக்ஸிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். இரண்டும் இணைந்தே நடக்கும். நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனின் வேலை, இறங்கி வரும் எலக்ட்ரான்களைக் கடைசியாக ஏற்றுக்கொள்வது. ஒளிச்சேர்க்கையில் தாவரம் சூரிய ஒளியைச் செலவிட்டு அந்த எலக்ட்ரான்களை மறுபடி மேலே ஏற்றுகிறது.

இவ்வளவு ஆற்றல் வெளிப்படக்கூடியதாக இருந்தும் சர்க்கரை காற்றில் தானாக எரியாமல் இருப்பதற்குக் கிளர்வு ஆற்றல் என்ற தடை காரணம். நொதி அந்தத் தடையைத் தாழ்த்துகிறது. வினையின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள ஆற்றல் வேறுபாட்டையோ சமநிலையின் இடத்தையோ அது மாற்றுவதில்லை. படி 6இல் பார்த்த கார்பானிக் அமில வினையை விரைவுபடுத்தும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் ஒரே மூலக்கூறு நொடிக்குச் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை மாற்றவல்லது.

படி 10: கற்றதை ஒரு நோயில் சோதித்துப் பாருங்கள்

கதிர் அரிவாள் இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இந்நோயில் அங்கே வாலின் இருக்கிறது. மேலே படிப்பதற்கு முன், இரண்டு அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகளையும் வரைந்து தொகுதிகளை வட்டமிடுங்கள்.

குளுட்டாமிக் அமிலத்தின் பக்கச் சங்கிலி முடிவில் கார்பாக்சில் தொகுதி உள்ளது. இரத்தத்தின் பிஎச்சில் அது எதிர்மின்சுமையுடன் நீரை நோக்கி நிற்கும். வாலினின் பக்கச் சங்கிலியில் மெத்தில் தொகுதிகள் மட்டுமே. மின்சுமையும் இல்லை, முனைவும் இல்லை. ஆகவே இரண்டு விளைவுகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலாவது, புரதத்தின் மொத்த மின்சுமை மாறுவதால் மின்புலத்தில் அது நகரும் வேகம் மாற வேண்டும். கவர்திறன் அளவுகோலைத் தந்த அதே பாலிங்கும் அவருடைய குழுவினரும் 1949இல் கண்டறிந்து அறிவித்தது இந்த வேறுபாட்டைத்தான். எந்த அமினோ அமிலம் மாறியது என்பது அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. இரண்டாவது, புரதத்தின் புறப்பரப்பில் நீர் வெறுக்கும் ஒரு திட்டு உருவாகிவிட்டதால் அது நீரிலிருந்து ஒதுங்க இன்னொரு முனைவற்ற இடத்தைத் தேட வேண்டும். அருகிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை விடுவித்து வடிவம் மாறும்போது அதன் மேற்பரப்பில் அத்தகைய குழிவு ஒன்று வெளிப்படுகிறது. வாலின் அதில் பொருந்திக்கொள்கிறது. மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக இப்படிக் கோத்து நீண்ட இழைகளாகிச் சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு இழுக்கின்றன. ஆக்ஸிஜன் நிறைந்த நுரையீரலில் அந்தக் குழிவு மறைந்திருப்பதால், அணுக்கள் வளைவது ஆக்ஸிஜனை இழந்த திசுக்களிலும் சிரைகளிலும்தான் தொடங்குகிறது.